நிழலும் நிழற்படமும்: பூச்சற்ற கான்கிரீட் கட்டடங்களும் அருவ ஒளிப்படக் கலையும்



இன்று நாம் ஒளிப்படம் என்றும் புகைப்படம் என்றும் கூறுவதற்கு நிழற்படம் என்னும் பெயரும் தமிழில் உண்டு. ஒளியால் உருவாவதை நிழலின் பெயரால் அழைத்தது பொருத்தமே. ஒளி எங்கும் பரவியிருப்பின் படத்தில் எவ்வுருவமும் தோன்றாது. ஒளி தடுக்கப்படும் இடத்தில்தான் வடிவம் பிறக்கிறது. நிழல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வெயிலில் நடந்து களைத்தவர் ஒதுங்கும் இடமும் நிழல். ஒரு பொருள் சுவரிலோ தரையிலோ வீழ்த்தும் கரிய வடிவமும் நிழல். ஆங்கிலம் இவ்விரண்டையும் இரு சொற்களாற் பிரித்துக் கூறும். தமிழோ இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்குகிறது. இவ்வுரை முழுவதும் இந்தச் சொல்லின் இரு பொருளையும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

1960களிலும் 1970களிலும் நம் நகரங்களில் எழுந்த பெரிய கான்கிரீட் கட்டடங்களை அழகற்றவை என்று கூறுவோர் பலர். அதே கட்டடத்தின் ஒரு மூலையை மட்டும் கருப்பு வெள்ளையில் எடுத்த படத்தைக் காணும்போது அவர்களே சற்று நின்று பார்க்கின்றனர். கட்டடத்தை வெறுப்பவர் அதன் படத்தை விரும்புவது எதனால்? படம் கட்டடத்தைப் பற்றிய ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறதா, அல்லது உண்மையை மறைத்து அழகு காட்டுகிறதா? இது கலைச்சுவை பற்றிய கேள்வி மட்டுமன்று. 50 ஆண்டுகள் நிறைவதற்குள் பெருங்கட்டடங்கள் இடிக்கப்படும் ஊரில் நாம் வாழ்கிறோம். கட்டடம் மறைந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் படமே. ஆகவே அப்படம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்று அறிவது வரலாறு கற்போர்க்கு இன்றியமையாதது.

பெயரின் வரலாறு

இக்கட்டடக்கலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் புருட்டலிசம். கேட்டவுடன் முரட்டுத்தனம், கொடுமை ஆகிய பொருள்களே நினைவிற்கு வரும். ஆயினும் பெயரின் வேர் அதுவன்று. பிரெஞ்சு மொழியில் பதப்படுத்தாத, மெருகிடாத நிலையைக் குறிக்கும் ஒரு சொல் உண்டு. பூச்சும் வண்ணமும் இன்றி, வார்த்த நிலையிலேயே விடப்பட்ட கான்கிரீட்டைக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே ‘பெத்தோன் ப்ரூட்’ என்று அழைத்தார். சுவீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஆஸ்ப்லுண்ட் 1950ஆம் ஆண்டில் ஒரு செங்கல் வீட்டைக் குறித்துச் சற்றே நகைச்சுவையாக ‘புதிய புருட்டலிசம்’ என்னும் பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார். அச்சொல் இங்கிலாந்து சென்றது. 1953ஆம் ஆண்டில் அலிசன் சிமித்சன் தாம் வரைந்த ஒரு வீட்டுத் திட்டத்தை விளக்கும்போது அதனைக் கையாண்டார். 1955ஆம் ஆண்டு டிசம்பரில் திறனாய்வாளர் ரெய்னர் பேன்ஹம் அதனையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது? ‘முரட்டுக் கட்டடக்கலை’ என்றால் ஆங்கிலச் சொல் தந்த தவறான எண்ணத்தை நாமும் சுமப்போம். இவ்வுரையில் ‘பூச்சற்ற கட்டடக்கலை’ என்றே கூற விரும்புகிறேன். சுவருக்குச் சாந்து பூசி, சுண்ணாம்பு அடித்து, அதன்பின் குடிபுகும் வழக்கமுடைய நமக்குப் பூச்சற்ற சுவர் என்றாலே அதன் துணிவும் குறையும் ஒருங்கே விளங்கிவிடும்.

அருவம் என்னும் சொல்லும் நமக்குப் புதியதன்று. உருவம், அருவம், அருவுருவம் என மூன்று நிலைகளைச் சைவ சித்தாந்தம் பேசும். கண், மூக்கு, கை, கால் என உறுப்புகள் புலப்படும் திருமேனி உருவம். புலன்களுக்கு எட்டாதது அருவம். இலிங்கம் இரண்டிற்கும் இடைப்பட்டது. வடிவம் உண்டு, உறுப்புகள் இல்லை. எனவே அது அருவுருவம். ஓவியன் எப்பொருளையும் நோக்காமல் வெறும் வண்ணங்களைக் கொண்டு அருவ ஓவியம் தீட்டலாம். பொருளின் முன் கருவியை வைத்துப் படம் எடுப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. கருவியின் முன்னால் ஏதேனும் ஒன்று இருந்தே ஆகவேண்டும். எனவே நாம் அருவ ஒளிப்படம் என்று அழைப்பது பெரும்பாலும் அருவுருவமே. அது பொருளின் உறுப்புகளை மறைத்து, வடிவத்தை மட்டும் நிறுத்துகிறது.

ஒளிப்படம் அருவத்தை நாடிய காலம்

ஒளிப்படக்கலை 19ஆம் நூற்றாண்டில் தோன்றியபோது உள்ளதை உள்ளவாறு காட்டுதலே அதன் பெருமையாகக் கருதப்பட்டது. கட்டடங்கள் அதற்கு ஏற்ற பொருளாயின. அக்காலக் கருவிக்கு நெடுநேரம் ஒளி வேண்டும், கட்டடமோ அசையாது நிற்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறியது. ஆல்வின் லாங்டன் கோபர்ன் நியூயார்க் நகரின் உயர்ந்த கோபுரம் ஒன்றிலிருந்து கீழேயுள்ள பூங்காவைப் படம் எடுத்தார். பனி மூடிய தரையில் வளைந்து செல்லும் பாதைகள் எட்டுக்கால் உயிரி ஒன்றின் கைகளைப் போல் தோன்றின. 1916ஆம் ஆண்டில் பால் ஸ்ட்ராண்ட், அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தின் தடுப்புக் கம்பிகள் வீழ்த்திய நிழலை மட்டும் எடுத்தார். மேசை, தாழ்வாரம், வெயில் ஆகிய எளிய பொருள்களே அங்கிருந்தன. படத்திலோ கருமையும் வெண்மையுமான சாய்ந்த பட்டைகளன்றி வேறில்லை.

1925ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ரொட்சென்கோ ஒரு குடியிருப்பின் மாடங்களைக் கீழிருந்து நேர் மேலாக நோக்கி எடுத்தார். 1928ஆம் ஆண்டளவில் லாஸ்லோ மொஹொய்-நாகி பெர்லின் வானொலிக் கோபுரத்தின் மேலிருந்து நேர் கீழாக நோக்கி எடுத்தார். இருவருமே மனிதர் வழக்கமாகக் காணும் கண்மட்டத்தை விட்டு விலகினர். பழகிய நகரத்தைப் பழகாத கோணத்திற் கண்டால் மக்கள் புதிதாகச் சிந்திப்பர் என்பது அவர்தம் நம்பிக்கை. அக்காலத்தில் அருவப் பார்வை வெறும் அழகுக்காக எழுந்ததன்று என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இலண்டன், 1953

பூச்சற்ற கட்டடக்கலைக்கும் ஒளிப்படத்திற்கும் உள்ள உறவு கட்டடம் எழுந்தபின் தொடங்கியதன்று, பிறப்பிலேயே அமைந்தது. 1953ஆம் ஆண்டில் இலண்டனில் உள்ள தற்காலக் கலைக் கழகத்தில் ‘வாழ்வுக்கும் கலைக்கும் இணை’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஒளிப்படக் கலைஞர் நைஜல் ஹென்டர்சன், சிற்பி எடுவார்டோ பாவலோட்சி, கட்டடக் கலைஞர்களான அலிசன் – பீட்டர் சிமித்சன் தம்பதியர் ஆகியோர் அதனை அமைத்தனர். ஊடுகதிர்ப் படங்கள், நுண்ணோக்கிப் படங்கள், வானிலிருந்து எடுத்த நிலப்படங்கள் எனப் பலவும் பெரிதாக்கப்பட்டுச் சுவரிலும் கூரையிலிருந்தும் தொங்கவிடப்பட்டன. சொரசொரப்பான, மங்கிய, மெருகற்ற படங்கள் அவை. உயிரணுவும் பாலைநிலமும் ஒரே அளவில் அடுத்தடுத்துத் தொங்கியபோது, எது பெரியது எது சிறியது என்ற வேறுபாடு மறைந்து வடிவம் மட்டும் எஞ்சியது.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பேன்ஹம் தம் கட்டுரையில் புதிய கட்டடக்கலையின் பண்புகளாக மூன்றனைக் கூறினார். கட்டமைப்பு ஒளிவுமறைவின்றிப் புலப்பட வேண்டும். பொருள்கள் கிடைத்த நிலையிலேயே மதிக்கப்பட வேண்டும். கட்டடம் மனத்தில் பதியும் ஒரு படிமமாக நிற்க வேண்டும். இம்மூன்றாவது பண்பு நம் பொருளுக்கு மிக முக்கியமானது. நினைவில் நிற்கும் படிமமாகவே ஒரு கட்டடம் கருதப்பட்டால், அதனைப் படிமமாக மாற்றும் ஒளிப்படம் அயலானது ஆகாது.

இதே ஹென்டர்சன் இலண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் வாழ்ந்து, தெருவில் விளையாடும் குழந்தைகளைப் படம் எடுத்தவர். 1953ஆம் ஆண்டில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞர் மாநாட்டில் சிமித்சன் தம்பதியர் அப்படங்களையே காட்டினர். தெரு என்பது போக்குவரத்துக்கான வழி மட்டுமன்று, மக்கள் கூடி வாழும் இடம் என்பதே அவர்தம் வாதம். உயரத்தில் அமைந்த அகன்ற நடைபாதைகளைக் கொண்ட குடியிருப்புகள் அக்கருத்திலிருந்து பிறந்தன. ஆகவே இக்கட்டடக்கலையின் தொட்டிலில் இருவகைப் படங்களும் இருந்தன. ஒன்று மனிதரற்ற அருவம். மற்றொன்று தெருக்குழந்தைகளின் ஆரவாரம். பின்னாளில் உலகம் நினைவிற் கொண்டது பெரும்பாலும் முதல்வகையையே.

மார்சேய், 1949: ஒரு நாளில் 650 படங்கள்

இவ்வுறவை ஒரு தனிமனிதரின் வாழ்வில் காண விரும்புவோர் லூசியன் ஹெர்வேயை நோக்க வேண்டும். 1910ஆம் ஆண்டில் ஹங்கேரியில் பிறந்த அவருடைய இயற்பெயர் லாஸ்லோ எல்கான். 1929ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் தப்பினார். நாட்டு விடுதலைக்கான எதிர்ப்பியக்கத்தில் இணைந்தார். அக்காலத்தில் மேற்கொண்ட மறைபெயரே லூசியன் ஹெர்வே. போர் முடிந்தபின்னும் அப்பெயரே நிலைத்தது.

மார்சேய் நகரில் லெ கொர்புசியேயின் பெரிய குடியிருப்பு அப்போது எழுந்துகொண்டிருந்தது. 1947இல் தொடங்கி 1952இல் நிறைவுற்ற அக்கட்டடத்தில் 337 வீடுகள் உள்ளன. போருக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாயிருந்தமையால் கான்கிரீட் தேர்ந்தெடுக்கப்பட்டது. பல ஒப்பந்தக்காரர்கள் பல பகுதிகளை வார்த்தமையால் இணைப்புகள் ஒழுங்காக அமையவில்லை. பலகை வரிகளும் பிசிறுகளும் வெளிப்படையாகத் தெரிந்தன. லெ கொர்புசியே அவற்றைப் பூசி மறைக்க முயலாமல், மனித முகத்தின் சுருக்கங்களோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டார். பூச்சற்ற கான்கிரீட் ஒரு கொள்கையாகும் முன் தட்டுப்பாட்டின் விளைவாகவே இருந்தது என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

டொமினிக்கன் துறவியான மரி-அலென் கூட்டூரியே கூறியதன்பேரில் 1949ஆம் ஆண்டில் ஹெர்வே மார்சேய் சென்றார். ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். அவற்றைக் கண்ட லெ கொர்புசியே, இவருக்குக் கட்டடக் கலைஞரின் உள்ளம் வாய்த்திருக்கிறது என்று பாராட்டித் தம் பணிகளைப் படம் எடுக்க அழைத்தார். 1965ஆம் ஆண்டில் லெ கொர்புசியே மறையும்வரை அவ்வுறவு நீடித்தது.

ஹெர்வேயின் முறை எளியது; ஆனால் துணிவு மிக்கது. அவர் கட்டடம் முழுவதையும் ஒரு படத்தில் அடக்க விரும்பவில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் சாய்வாக நோக்கினார். கடும் வெயிலில் எடுத்து, நிழலை முழுக்கருமையாக அச்சிட்டார். எடுத்தபின் கத்தரிக்கோல் கொண்டு படத்தின் ஓரங்களை வெட்டினார். படம் எடுப்பதில் பாதி, எதை வெட்டி எறிவது என்பதை அறிவதே என்று அவர் பணி நமக்குக் கற்பிக்கிறது. ஒரு படிக்கட்டின் விளிம்பு, ஒரு தூணின் பக்கம், இரண்டிற்கும் இடையே ஒரு கருங்கோடு – இவ்வளவே எஞ்சும். ஆயினும் அக்கட்டடத்தின் எடையும் அமைதியும் அதில் முழுமையாக உணரப்படும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கூற வேண்டும். கான்கிரீட்டும் பழைய ஒளிப்படமும் ஒரே வகையில் பிறப்பவை. ஒளிப்படத்தில் முதலில் எதிர்ப்படிவம் ஒன்று தோன்றும்; அதிலிருந்து நேர்ப்படம் அச்சாகும். கான்கிரீட்டிற்கும் முதலில் மரப்பலகைகளால் ஓர் எதிர்வடிவம் அமைக்கப்படும். கட்டுமானத் தொழிலாளர் அதனைச் சென்ட்ரிங் என்பர். பலகையில் பள்ளமாயிருப்பது சுவரில் மேடாகும். மரத்தின் ரேகையும் ஆணியின் தடமும் சுவரில் அப்படியே பதியும். பலகையைக் கழற்றியபின் தச்சர் சென்றுவிடுவார்; அவர் வேலையின் அச்சு மட்டும் நிற்கும். ஆகவே பூச்சற்ற சுவர் ஒவ்வொன்றும் அதனைச் செய்த கைகளின் படம் என்று கூறினால் அது மிகையாகாது.

சண்டிகர்: வெயிலும் தடுப்பும்

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் வேண்டியிருந்தது. 1950ஆம் ஆண்டின் இறுதியில் லெ கொர்புசியே அப்பணியை ஏற்றார். பியேர் ஜானரே, மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் டுரூ ஆகியோர் உடன் பணியாற்றினர். உயர்நீதிமன்றம் 1955ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனையடுத்துத் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் எழுந்தன. 2016ஆம் ஆண்டில் இத்தலைமை வளாகம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஹெர்வே 1955ஆம் ஆண்டிலும் 1961ஆம் ஆண்டிலும் இந்தியா வந்து சண்டிகரையும் அகமதாபாத்தையும் படம் எடுத்தார்.

அவ்வளாகத்தின் சுவர்களை நோக்கினால் கட்டம் கட்டமாக ஆழ்ந்த மாடங்கள் தெரியும். அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. வட இந்தியக் கோடை வெயில் கண்ணாடியில் நேராக வீழாதவாறு தடுக்கும் வெயில் தடுப்புகள் அவை. உள்ளே அமர்ந்து பணி செய்வோர்க்கு அவை ஒதுங்கும் நிழலைத் தந்தன. வெளியே நின்ற ஹெர்வேக்கு அவையே கருமையும் வெண்மையும் மாறி மாறி வரும் கட்டங்களைத் தந்தன. ஒரே நிழல் ஒருவருக்குத் தண்மையும் மற்றொருவருக்கு வடிவமும் ஆயிற்று. தமிழ்ச் சொல் பிரிக்காத இரு பொருளும் அச்சுவரில் ஒன்றாய் நிற்கின்றன.

அங்கே படங்கள் கூறாமல் விட்டனவும் உண்டு. உயர்நீதிமன்றத்தின் வாயிலில் நிற்கும் பெருந்தூண்கள் இன்று பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களைத் தாங்கியவை. கருப்பு வெள்ளைப் படங்களால் உலகெங்கும் சண்டிகரை அறிந்தோர் பலர்க்கு அது வண்ணமற்ற நகரமாகவே தோன்றியது. மேலும் அந்நகரம் பெரும் இயந்திரங்களால் எழுந்ததன்று. ஆண்களும் பெண்களும் கான்கிரீட்டைக் கூடைகளில் தலைச்சுமையாகச் சுமந்து சாரத்தின் சாய்தளங்களில் ஏறிச் சென்று வார்த்தனர். கட்டுமானக் காலப் படங்கள் சிலவற்றில் அவர்களைக் காணலாம். கட்டடம் முடிந்தபின் எடுத்த அருவப் படங்களில் அவர்கள் இல்லை. சுவரிலுள்ள பலகை வரிகளில் மட்டுமே இருக்கின்றனர்.

கோலாலம்பூரும் சிங்கப்பூரும்

இப்போது நம் வீட்டிற்கு வருவோம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துங்கு வேந்தர் மண்டபம் 1966ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் கிங்டன் லூ. சண்டிகரை நினைவூட்டும் ஆழ்ந்த வெயில் தடுப்புகளும் பூச்சற்ற கான்கிரீட்டும் அதன் அடையாளங்கள். அவ்வாண்டு ஏப்ரலில்தான் தனிநாயக அடிகளாரின் பெருமுயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் அப்பல்கலைக்கழகத்தின் அரவணைப்பில் கோலாலம்பூரில் நடைபெற்றது. புதிதாய் விடுதலை பெற்ற ஒரு நாடு தன் தன்னம்பிக்கையைக் கான்கிரீட்டிலும் கல்வியிலும் ஒருங்கே காட்டிய காலம் அது. மண்டபம் 2001ஆம் ஆண்டில் தீவிபத்துக்கு உள்ளாகிப் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது.

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு முதல் அரசு மைய நகர நிலங்களைத் தனியார் மேம்பாட்டுக்காக விற்கத் தொடங்கியது. அதன் பயனாக எழுந்தவற்றுள் இரண்டு கட்டடங்கள் குறிப்பிடத்தக்கவை. சைனாடவுனில் 1966ஆம் ஆண்டின் இறுதியில் தீக்கிரையான சந்தையின் இடத்தில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் எழுந்தது. 31 மாடிகள் கொண்ட அது 1973ஆம் ஆண்டில் நிறைவுற்றது. பீச் ரோட்டில் 16 மாடிகள் கொண்ட கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் அதே 1973ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இரண்டையும் வடிவமைத்தது வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியாவ் சுவான் ஆகியோர் நிறுவிய டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனம். கடை, அலுவலகம், வீடு ஆகிய மூன்றும் ஒரே கட்டடத்தில் அமைந்து, அது தன்னளவில் ஒரு சிறு நகரமாக விளங்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கம்.

மூன்றாவது, பேர்ல்ஸ் ஹில் குன்றின்மேல் 1976ஆம் ஆண்டில் எழுந்த பேர்ல் பேங்க் அடுக்குமாடி. டான் செங் சியோங் வடிவமைத்த அது 38 மாடிகள் உடையது. குதிரை லாடம் போன்ற வளைவு கொண்டது. அதன் உள்முற்றத்தில் நின்று மேல் நோக்கினால், வளைந்த சுவர்களும் நடைகளும் சுற்றி நிற்க, நடுவே ஒரு துண்டு வானம் தெரியும். அக்காட்சியை எண்ணற்றோர் படம் எடுத்தனர். ரொட்சென்கோ மாஸ்கோவில் தலையை உயர்த்தி நோக்கிய அதே நோக்கு அது.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் ஒளிப்படக் கலைஞர்க்கு வேறொரு பாடம் தருகிறது. படிப்படியாகப் பின்வாங்கிச் சரியும் அதன் முகப்பில் ஒரே அளவான மாடங்கள் வரிசையாக அமைந்தன. குடியிருந்தோர் காலப்போக்கில் தத்தம் மாடங்களைத் துத்தநாகத் தகடு, கண்ணாடி, பலகை ஆகியவற்றால் தாமே அடைத்துக்கொண்டனர். 2006ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர் ஒருவர் அதனை நிமிர்ந்து நிற்கும் சேரி என்னும் பொருள்படச் சாடினார். தொலைவிலிருந்து நெடுவில்லை கொண்டு அதே முகப்பின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கோ, கட்டடக் கலைஞர் வகுத்த ஒழுங்கும் குடியிருந்தோர் சேர்த்த ஒழுங்கின்மையும் ஒரே சட்டத்தில் கிடைத்தன. சேரி என்று ஒருவர் கண்டதை, பல குடும்பங்கள் எழுதிய ஒரு பக்கமாக மற்றொருவர் கண்டார்.

இக்கட்டடங்களின் முடிவுகள் வேறுபட்டன. பேர்ல் பேங்க் 2018ஆம் ஆண்டில் 728 மில்லியன் வெள்ளிக்கு ஒட்டுமொத்த விற்பனைக்கு உள்ளாகிப் பின்னர் இடிக்கப்பட்டது. அதே 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் இத்தகைய கட்டடங்களுக்கு மறுவாழ்வு தர வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் பாதுகாக்கப்படும் கட்டடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் 2022ஆம் ஆண்டில் 700 மில்லியன் வெள்ளிக்கு ஒட்டுமொத்தமாக விற்கப்பட்டாலும், அதன் முதன்மை உருவம் நிலைத்திருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. ஆனால் 2023ஆம் ஆண்டில் அங்கிருந்தோர் அனைவரும் வெளியேறினர். தாய்லாந்து உணவுக்கடைகளாலும் ஹாட்யாய் செல்லும் பேருந்துகளாலும் பெயர் பெற்றிருந்த அதன் உயிரோட்டம் கட்டடத்தோடு பாதுகாக்கப்படவில்லை.

நான்கு நீக்கங்கள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், கட்டடத்தை அருவமாகக் காட்டும் படம் நான்கினை நீக்குகிறது எனலாம். முதலில் தரையை நீக்குகிறது. அதனால் கட்டடம் எந்த ஊரில் நிற்கிறது என்பது தெரியாமற் போகிறது. அடுத்து வானத்தை நீக்குகிறது. அதனால் உயரமும் அளவும் மறைகின்றன. மூன்றாவதாக வண்ணத்தை நீக்குகிறது. அதனால் காலமும் பருவமும் மறைகின்றன. நான்காவதாக மனிதரை நீக்குகிறது. அதனால் பயன் மறைகிறது.

இந்நீக்கங்களால் விளையும் நன்மையைக் குறைத்துக் கூறலாகாது. வெறுப்பினால் நோக்க மறுத்தவரை நோக்க வைப்பது இவ்வகைப் படமே. ‘அழுக்குக் கட்டடம்’ என்ற முன்முடிவு தரையோடும் வானத்தோடும் வெட்டி எறியப்படுகிறது. ஒளியும் எடையும் தாளமும் கண்ணுக்குப் புலனாகின்றன. ஒரு கட்டடத்தைக் காக்க வேண்டுமானால் முதலில் அதனை ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

ஆயினும் இப்படங்கள் மட்டுமே வரலாறாகிவிட்டால் இழப்பு பெரிது. இலண்டனில் சிமித்சன் தம்பதியர் 1972ஆம் ஆண்டில் கட்டி முடித்த ராபின் ஹூட் கார்டன்ஸ் குடியிருப்பு 2017ஆம் ஆண்டு முதல் இடிக்கப்பட்டது. விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதன் மூன்று மாடி உயரப் பகுதியொன்றை வாங்கி வைத்துக்கொண்டது. சுவர் காக்கப்பட்டது, அச்சுவருக்குப் பின் வாழ்ந்தோர் வேறிடம் சென்றனர். அருவப் படம் சட்டத்திற்குள் செய்வதை இங்கு வரலாறு வெளியில் செய்துவிட்டது.

நம் நாட்டிலோ மற்றொரு வழியும் வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் ஒளிப்படக் கலைஞர் டேரன் சோ நெடுங்காலமாக நம் நவீனக் கட்டடங்களையும் அடுக்குமாடி வீடுகளையும் பதிவு செய்து வருகிறார். பேர்ல் பேங்க் அடுக்குமாடியும் அவற்றுள் ஒன்று. கட்டடம் இருக்கும்போதே, அது மறையக்கூடும் என்ற உணர்வோடு, அதனைச் சூழலோடு சேர்த்துப் படமெடுத்தல் ஆவணப் பணி. கண்ணைப் பழக்குவது அருவப் படம் என்றால், நினைவைக் காப்பது ஆவணப் படம். வரலாற்று மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் நிறைவு செய்கிறேன். மாணவர்களைத் தத்தம் வட்டாரத்தில் உள்ள ஒரு பழைய கான்கிரீட் கட்டடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டாயினும், கடைத்தொகுதியாயினும், பள்ளியின் பழைய மண்டபமாயினும் பொருந்தும். காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ செல்லுதல் நன்று. சாய்வான வெயிலில்தான் சுவரின் பலகை வரிகள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு மாணவரும் இரண்டு படங்கள் எடுக்கட்டும். முதற்படத்தில் தரை, வானம், வண்ணம், மனிதர் ஆகிய நான்கும் நீக்கப்பட வேண்டும். இரண்டாம் படத்தில் அந்நான்கும் மீண்டும் வர வேண்டும்.

முதற்படத்தின்கீழ் அதில் தெரியும் நிழல் எதனால் விழுந்தது என்று தமிழில் ஐந்து வரிகள் எழுதட்டும். இரண்டாம் படத்தின்கீழ் அந்நிழலில் நாள்தோறும் ஒதுங்குவோர் யாவர், அச்சுவரை அவர்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று கேட்டறிந்து எழுதட்டும். கட்டடம் நிற்கும்போதே அவ்வரிகள் எழுதப்பட வேண்டும். பேர்ல் பேங்கின் உள்முற்றத்தில் நின்று வானத்தைப் படமெடுத்தோர் பலர். அம்முற்றத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் வாழ்ந்தோரிடம் பேசி, அவர்தம் அன்றாடத்தைத் தமிழில் எழுதிவைத்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்போது, நம் முன் உள்ள பணி விளங்கும்.